பனி காட்டாத கார்ட்

அக்கா கனடாவிலிருந்து வருகிறாள், மூன்று நாள்தான் நிற்பாள் என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். என் தலைக்குள் ஓடியது கம்பியூட்டரில் படம் காட்டும் ஒரு கிராபிக்ஸ் கார்ட்.

நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே மஹய்யாவ வீட்டில் அப்பா ஒரு கம்பியூட்டர் வாங்கிப் போட்டார். அதில் ஒரே ஒரு கார் ரேஸ் கேம். எங்கள் அடிபிடி தாங்காமல் ஒரு நாள் அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டு பேரும் சேந்து ஆடுங்க. இல்லாட்டி ஒயர புடுங்கிருவேன்."

அதுவோ ஒரு ஆள் மட்டும் ஆடக்கூடிய கேம். அதனால் ஒரே காரை இருவரும் ஓட்டினோம். ஸ்டியரிங் அக்காவுக்கு, ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் எனக்கு. தூரத்தில் பாலம் தெரிந்ததும் அவள் "பிரேக்!" என்பாள். நான் அமுக்குவேன். அந்தப் பாலத்தை நாங்கள் தாண்டாத நாளில்லை.

அம்மா இறந்தபோது அக்கா வரவில்லை. ஊருக்கு வந்து போகப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை என்றாள். நான் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஃபோனில் "சாப்பிட்டியா", "அங்க மழையா" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். நேரில் வந்தாலும் இதே கதைதான் என்று எனக்குப் பயம். அந்த கேமுக்கு முன்னால் அவளை ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டால் வாய் தானாகத் திறக்கும் என்று நினைத்தேன்.

பழைய மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கேம் சிடி மட்டும் அலுமாரியில் கிடந்தது. அந்தக் காலத்து மதர்போர்டையும் தூக்க முடியாத மொனிட்டரையும் தேடிச் சேர்த்துவிட்டேன். மிச்சம் கார்ட்தான். அதற்காகக் குண்டசாலையில் பழைய கம்பியூட்டர் சாமான் விற்கும் கடைக்கு ஒரே வாரத்தில் நாலு தரம் பஸ் ஏறினேன். இரண்டு கார்டுகள் இருந்தன. எதைப் பார்த்தாலும் மற்றதுதான் சரி என்று பட்டது.

"ரெண்டையும் கொண்டுபோய் போட்டுப் பாருங்க தம்பி," என்றார் கடைக்காரர், என் முகத்தை இன்னொரு தரம் பார்க்க விரும்பாதவராக. "ஒன்ன வச்சிக்கிட்டு மத்தத தாங்க."

"பொண்ணு பாக்க வந்தப்ப கூட நீங்க இவ்வளவு யோசிக்கல," என்றாள் மனைவி.

சனிக்கிழமை முழுக்க மாற்றி மாற்றிச் செருகினேன். பெட்டியின் தகரம் கட்டைவிரலைக் கிழித்தது. சின்ன கார்டில் கேம் ஓடியது, ஆனால் வானம் சாம்பல் பூசியதுபோல வெளிறி இருந்தது. பெரிய கார்டிலோ அதே ரோட்டில் மெல்லிய பனிமூட்டம் இறங்கியது. இன்டர்நெட்டில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: நல்ல கார்டில்தான் அந்தப் பனி வரும், கேமைச் செய்தவர்கள் நினைத்தது அதைத்தான். சின்னதைத் திருப்பிக் கொடுக்கப் பேப்பரில் சுற்றி வைத்தேன்.

ஞாயிறு காலை அக்கா வந்து சேர்ந்தாள். மத்தியானம், வெளியே மழை. "டேய், இது இன்னும் இருக்கா!" என்று அக்கா சிரித்துக்கொண்டே கதிரையை இழுத்துப் போட்டாள். கை தானாகக் கீபோர்டின் அம்புக்குறிகளுக்குப் போனது. முதல் வளைவிலேயே மோதினோம். பாலம் பனிக்குள்ளிருந்து திடீரென்று வந்தது. அவள் "பிரேக்!" என்றபோது கார் ஆற்றில் கிடந்தது. மூன்று தரம் ஆற்றில் விழுந்தோம். அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"எனக்கு கண்ணும் முன்ன மாதிரி இல்லடா. அது சரி, இந்தப் பனி எங்கேருந்து வந்துச்சு? நம்ம கம்பியூட்டர்ல பாலம் தூரத்திலயே தெரியுமே."

என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா வாங்கியது அன்றைக்கிருந்த ஆக மலிவான கார்டாகத்தான் இருந்திருக்கும். பனி காட்ட அதற்குத் தெரியாது. பனியே இல்லாத ரோட்டில் ஓட்டிப் பழகிய எங்களுக்கு, ஊரெல்லாம் மெச்சிய கார்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

"ரெண்டு நிமிஷம் இரு அக்கா, போயிராத."

பெட்டியின் ஆணியைக் கழற்றினேன். அவளே ஃபோன் டோர்ச்சைப் பிடித்தாள். பேப்பரைப் பிரித்துச் சின்ன கார்டைச் செருகினேன். வெளிறிய வானம் வந்தது. அக்கா மறுபடி உட்கார்ந்தாள்.

வளைவுகளை எடுத்தாள். ரோட்டின் கடைசியில் பாலம் சின்னதாகத் தெரிந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே நான் பிரேக்கை அமுக்கிவிட்டேன். கார் பாலத்தில் ஏறியது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "நான் வராதது ஒனக்கு இன்னும் கோவம், என்ன?"

"ஆமாக்கா."

"நாலு தடவ எம்பசிக்குப் போனேன்டா. வந்து போற பேப்பர் குடுக்கல. நீ ஒரு தடவ கூட கேக்கல."

ரோடு எனக்குக் கலங்கித் தெரிந்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை.

"அடுத்த பாலம் வருது," என்றாள். "பாத்துக்க."