கோல்கீப்பருக்கும் அதே சிவப்பு

2004 பிப்ரவரி 9, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறேகாலுக்குள் தண்ணீர் பிடித்தாயிற்று. எட்டே இருபதுக்கு அச்சகம். எட்டரை முதல் ஒன்பதரை வரை கரண்ட் இல்லை. ஒன்பதே முக்காலுக்கு இரண்டாம் நம்பர் மிஷினில் புதிய பட்டாசுப் பெட்டியின் லேபிள் ஏறியது. விஷுப் பண்டிகை சீசனுக்குக் கேரளா போகும் சரக்கு. படம் கால்பந்து. மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் பந்தை உதைக்கிறார். சிவப்புச் சட்டையில் இருவர் மறிக்கிறார்கள். பின்னால் கோல்கீப்பர் தாவுகிறார். அவருக்கும் சிவப்புச் சட்டை.

என் வேலை ஷீட் செக்கிங். முதல் நல்ல ஷீட்டில் நான் கையெழுத்துப் போட்டால்தான் மிஷின் வேகமெடுக்கும். இருபத்திரண்டு வருடத்தில் என் கையெழுத்துப் பட்ட ஷீட் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பேர் எனக்குப் பெரிது.

பத்தரை மணி டீக்கு மாரிச்சாமி வந்தான். முன்பு இதே மிஷினில் வேலை பார்த்தவன். ஐந்து வருடத்துக்கு முன் ஷார்ஜா அச்சகம் ஒன்றின் இன்டர்வியூவுக்காக நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். அவனை எடுத்தார்கள். இப்போது லீவில் வந்திருந்தான். பேரீச்சம்பழப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, அங்கே நேரில் பார்த்த கால்பந்து ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் அடித்தது அவன் கம்பெனி. இரண்டு பாஸ் கிடைத்ததாம்.

"டிவில பந்து போற எடத்த மட்டுந்தான் காட்டுவான். நேர்ல ஒக்காந்தா அம்புட்டும் தெரியும். பந்து அங்கன கெடக்கும். இங்கன கோலி, அதான் கோல்கீப்பரு, ஒத்தையில நின்னுக்கிட்டு கைய நீட்டி நீட்டிக் கத்துவான்."

"ஒனக்குக் கேட்டுச்சாக்கும்?" என்றேன்.

"கோலுக்குப் பின்னாடிதான் அண்ணாச்சி எங்க சீட்டு. கேக்காம?"

மிஷின்மேன் கருப்பசாமி டீ ஆறுவதுகூடத் தெரியாமல் நின்றார். பள்ளி அணியில் மூன்று வருடம் ஆடியவன் நான். மாரிச்சாமி பந்தைக் காலால் தொட்டவன் இல்லை. பெரிய ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டு வந்து, பேரீச்சம்பழத்தோடு சேர்த்து எல்லோருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தான்.

டீ முடிந்ததும் ஷீட்டை எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, கோலிக்கும் அதே செவப்பாவா போட்டிருக்கீக? அவனுக்கு வேற கலருல்ல வரணும்."

"ஏலே, நான் ஆடுனவன்லே. எங்க டீம்ல பதினோரு பேருக்கும் ஒரே நீலப் பனியன். கோலிக்குன்னு தனியாவா தச்சாக?"

"அது ஸ்கூலு அண்ணாச்சி..."

"ஒரு மேட்ச் பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லித் தாறியாக்கும்? கலரு பாக்குறது என் வேல."

"யார்ட்டயாச்சும் கேட்டுக்கிருவமா?" என்றார் கருப்பசாமி.

"ஓட்டுங்க" என்றேன். பதினொன்று ஐந்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையில் எனக்கும் சந்தேகம் வந்தது. டிவியில் பார்த்த ஆட்டங்களை நினைவுபடுத்திப் பார்த்தேன். என் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. ஆனாலும் இவன் சொல்லி நான் திருத்துவதா என்ற நினைப்பு சந்தேகத்தை அமுக்கிவிட்டது.

மாலை நான்கு மணிக்கு, பட்டாசுக் கம்பெனிக்காரரோடு கோழிக்கோட்டு வியாபாரி லேபிளைப் பார்க்க வந்தார். அதற்குள் ஆறாயிரம் ஷீட் ஓடியிருந்தது.

"இதில கோலி யாரு சாரே?" என்று கேட்டார். எங்கள் முதலாளி தாவுகிற ஆளைக் காட்டினார்.

"அப்போ இவங்க ரெண்டு பேரும்? எல்லாம் ஒரே சிவப்பு. பந்தில கை பட்டா ரெஃபரி யாரைப் பிடிக்கும்? எங்க ஊர்ல சின்னக் குட்டிங்ககூடச் சிரிக்கும். இந்தப் பெட்டியில எனக்குச் சரக்கு வேண்டாம்."

முதலாளி ஷீட்டின் மூலையைப் பார்த்தார். "ஒம்ம கையெழுத்துதான?"

"ஆமாங்கய்யா. காலைலயே மாரிச்சாமி சொன்னான். நாந்தான் கேக்கல."

"ஏன் கேக்கல?"

காரணம் தெரியும். "என் தப்புதாங்கய்யா" என்று மட்டும் சொன்னேன்.

"கண்ணு நல்லாத்தான்யா இருக்கு ஒமக்கு. காதத்தான் செக் பண்ணணும்."

பைண்டிங் பக்கம் சிரிப்புக் கேட்டது. வியாழக்கிழமைக்குள் திருத்திய ப்ரூஃப் காட்டினால் சரக்கு எடுப்பதாக வியாபாரி சொன்னார். மூன்று அச்சுப் பிளேட் புதிதாகப் போட வேண்டும். ஆறாயிரம் ஷீட் கழிவு.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது குறை சொன்னால், சொன்ன ஆளை மறந்துவிட்டுச் சொன்ன இடத்தில் லென்ஸை வையுங்கள். நான் அன்று ஆளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அதன்பின் பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்காலுக்கு முதல் வேலையாகப் பக்கத்து ஊர் விஸ்வநத்தம் போய் மாரிச்சாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். வாயில் பிரஷ்ஷோடு வந்தான். ஷீட்டை விரித்துப் பிடித்து, கோலிக்கு என்ன கலர் என்று கேட்டேன்.

"பச்ச அண்ணாச்சி. நல்ல கரும்பச்ச." நுரையைத் துப்பிவிட்டு இன்னும் கிட்டத்தில் வந்து பார்த்தான். "கையில உற எங்க? வெறுங்கையோட தாவுறான் பாருங்க."

நான் அதையும் கவனித்திருக்கவில்லை. பென்சிலை எடுத்து, இரண்டையும் ஷீட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.