எல்லோரும் பாஸான வார்டு

எழுபதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தேன். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் வேலை. அங்கிருந்து தினமும் பஸ். ஜன்னல் சீட்டு கிடைத்தால் அன்றைக்கு எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எனக்கொரு நம்பிக்கை. திருநெல்வேலியிலிருந்து வந்தவளுக்கு இந்தப் பக்கத்து 'இன்னா'வும் 'கீது'ம் காதில் படிய ஒரு மழைக்காலம் ஆனது.

எங்கள் பெரிய டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாள் குறித்து, நிதானமாகச் செய்கிற ஆபரேஷன்தான். நல்லபடியாகவே முடிகிறது. ஆனாலும் வயதானவர்களில் சிலருக்கு ஓரிரு நாளில் புத்தி தடுமாறுகிறது. இடம் தெரிவதில்லை, ஆள் தெரிவதில்லை. பிறகு பலர் தெளிந்துவிடுகிறார்கள். இது யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று ஆராய வேண்டும் என்றார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி நழுவிவிட்டார்கள். இளிச்சவாய் நான் மாட்டினேன்.

வேலை சுலபம். தினமும் காலையில் கட்டில் கட்டிலாகப் போய் மூன்று கேள்வி கேட்க வேண்டும். இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை, உங்களுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்.

எல்லோரும் பாஸானார்கள். மூச்சுவிடக் கஷ்டப்பட்டவர்கூட மூன்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பதிலை முடித்தவர்களும் உண்டு. "நம்ம ஊர்ப் பெரியவங்களுக்குப் புத்தி ரொம்பக் கெட்டி போல" என்றார் பெரிய டாக்டர், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. நோயே வராமல் நோயை எப்படி ஆராய்வது?

அந்த வார்டில் எனக்குப் பிடித்தவர் துணிக்கடை பாய். சின்ன வயதில் சைக்கிளில் மூட்டை கட்டிக் கடப்பாக்கம் வரை கடலோர ஊர்களில் துணி விற்று, பிறகு செங்கல்பட்டு பஜாரில் கடை போட்டவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. மறுநாள் காலை நான் போனபோது, அவர் மனைவி போர்வைக்குள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே.

"பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் கையை விட மாட்டேங்கறீங்களே" என்று கேலி செய்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை. முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஒரே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்திருந்தது. அன்று கடைசிக் கேள்வியை முதலில் கேட்டேன்.

"பிள்ளைங்க எத்தனை பேர் பாய்?"

"செங்கல்பட்டு."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை." இது சரி.

"இது எந்த ஊர்?"

"நாலு பேரு."

நான் முழித்தேன். பக்கத்துக் கட்டில் மீனவர் எழுந்து உட்கார்ந்து நியாயம் கேட்டார். "இன்னா டாக்டரம்மா, வரிசைய மாத்திக் கேட்டா அவுரு இன்னா பண்ணுவாரு பாவம்? நாங்க சொல்லிக் குடுத்த வரிசை வேற."

அப்புறம்தான் பூனைக்குட்டி வெளியே வந்தது. தப்பாகப் பதில் சொன்னவர்களை நான் கீழ்ப்பாக்கம் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன் என்று வார்டு முழுக்க நம்பியிருக்கிறது. தினமும் நான் வருவதற்குள் ஒருவர் காலண்டர் பார்த்துக் கிழமையைச் சொல்ல, மற்றவர்கள் சிறுபிள்ளைகள் வாய்ப்பாடு படிப்பதுபோல ஒப்பித்துப் பார்த்துக்கொள்வார்களாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அந்தம்மா அழுதுகொண்டிருந்தார். பிடி தளர்ந்திருந்தது. பாயின் கைகள் போர்வைக்கு வெளியே வந்து, அதன் ஓரத்தைப் பிடித்து முழம் போட ஆரம்பித்தன. ஒரு முழம், இன்னொரு முழம். பிறகு அந்த இடத்தில் கிழிக்கப் பார்த்தன. அவர் கண் என்மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ஆபரேசன் ஆன ராத்திரிலேர்ந்து அளந்துகினே கீறாரு. என்னையே யாருன்னு கேக்குறாரு" என்றார். "அனுப்பிடாதம்மா. கீழ்ப்பாக்கம் போய் வந்தவரு கடையில எவன் துணி எடுப்பான்?"

யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள் என்று அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன். பிறகு சாப்பாடு, தூக்கம், சிறுநீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். "அதெல்லாம் போறாரு. துணி நனைஞ்சிகினே கீது" என்றார் தாழ்ந்த குரலில். அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புள் வரை தேங்காய் மாதிரி கெட்டியாக இருந்தது. சிறுநீர் உள்ளே அடைத்து நின்று, வழிந்தது மட்டும் சொட்டியிருக்கிறது. குழாய் போட்டதும் ஒரு பாட்டில் நிரம்பி, இன்னொன்று கேட்க வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு நாள் இவர் பாஸாகிக்கொண்டே இருந்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும், ஆளும் போயிருப்பார். நினைக்கவே பயமாக இருந்தது.

பெரிய டாக்டர் கேள்விகளையே மாற்றிவிட்டார். அன்றுமுதல் முதல் கேள்வி நோயாளிக்கு இல்லை. கூட இருப்பவரிடம், "இவர் எப்பவும் போல இருக்கிறாரா?" என்று கேட்டோம். எங்கள் ஆராய்ச்சி உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது. வார்டில் நிறையப் பேர் ஃபெயில் ஆனார்கள்.

பாய் தெளிய இரண்டு நாள் பிடித்தது. வீட்டுக்குப் போகிற காலையில், பழக்கதோஷத்தில் என்ன கிழமை என்று கேட்டேன்.

"தெரிலியேம்மா. படுத்துனே இருந்தா எல்லாம் ஒரே கிழமையாத்தான் கீது" என்று சிரித்தார். அவர் கை போர்வைமேல் சும்மா கிடந்தது. அந்தம்மா அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பதான் அளக்கலையே, கையை விடலாமே" என்றேன்.

"இது சும்மா புடிச்சிகினு கீறேம்மா" என்றார்.