மான்மோய்க்குக் கிடைத்த மூலை

சந்தைத் தெருவில் சவப்பெட்டிக் கடைக்கு அடுத்த கதவு சியூதாவுடையது. செத்தவர்களின் படங்களைச் சுத்தம் செய்து தருவது அவள் தொழில். கல்யாணக் கூட்டத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கையிலிருக்கும் பீர் கிளாஸை அழித்து, சிவந்த மூக்கை வெளுத்து, கோட்டு மாட்டி, ஊதுபத்தி ஏற்றத் தகுந்த மனிதனாக்கித் தருவாள். எங்கள் தெங் குலத்தில் பாதிப் பேர் அவள் கைபட்டுத்தான் யோக்கியர்கள் ஆனார்கள். மீதிப் பேர் இன்னும் சாகவில்லை. அவர்களைப் பற்றியும் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவள் தெங் குலத்தில் பிறந்தவள் அல்ல, மான்மோய் எடுத்து வளர்த்தவள். மான்மோய் என் இரண்டாம் சித்தப்பாவுக்குக் கட்டி வைப்பதற்காக, பால்குடி மறக்காத வயதில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டவள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மருமகளைக் குழந்தையிலேயே வாங்கி வளர்ப்பார்கள். சித்தப்பா மீசை முளைத்ததும் தைபேக்குப் போய் வேறொருத்தியோடு இருந்துவிட்டார். மான்மோய்க்குப் போக இடமில்லை. மகளும் இல்லை, மருமகளும் இல்லை, ஆனால் வேலை மட்டும் இருந்தது. பன்றிக்குத் தீனி காய்ச்சினாள், தேயிலை பறித்தாள். என் கடைசிச் சித்தப்பா மகன் குவோதாங்கின் தாய் நோயாளி, அதனால் அவனை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்ததும் இவள்தான். அவன் பீயை அள்ளிக் கழுவிய கை மான்மோயின் கை. நான் பார்த்திருக்கிறேன். பிற்பாடு ஆற்றங்கரைக் கோயில் வாசலில் கிடந்த பெண் குழந்தையைத் தூக்கிவந்து சியூதாவ் என்று பெயர் வைத்தாள்.

மான்மோய் செத்தபோது மூதாதையர் கூடத்தில் இடமில்லை என்றார்கள். கல்யாணம் நடக்காதவள் பெயர் மூதாதையர் பலகையில் ஏறாதாம். சாம்பல் ஊருக்கு வெளியே ஒரு மாடத்துக்குப் போனது.

குவோதாங் குலத் தலைவனான பிறகு கூடத்தின் கூரை ஒழுகிச் சுவரில் மாட்டியிருந்த படங்களை எல்லாம் பூஞ்சை தின்றது. முப்பாட்டனார் முகத்தில் பாதி பச்சையாகிவிட்டது. குவோதாங் ஒரு பெரிய டிவியும் கம்ப்யூட்டரும் வாங்கி வைத்து, இனிமேல் எல்லோரும் திரையில் இருக்கட்டும் என்றான். பூஞ்சை தின்ற படங்களைத் துடைத்து, நகலெடுத்து, முகம் முகமாகச் சரிசெய்தது சியூதாவ். ஒரு பருவகாலம் முழுக்க அதே வேலை.

ஒவ்வொரு படமாக ஓடவிடலாம் என்று பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். குவோதாங் ஒப்புக்கொள்ளவில்லை. சுவரில் மாட்டினாற்போல எல்லோரும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டுமாம். ஆகவே சியூதாவ் படங்கள் இருந்த ஃபோல்டரையே திரை நிறையத் திறந்தாள். பின்னால் சிவப்பு நிறம் கொடுத்தாள். முப்பாட்டனாரை நடு உச்சிக்கு இழுத்தாள், மனைவியைப் பக்கத்தில் வைத்தாள், வைப்பாட்டியை ஒரு படி கீழே வைத்தாள், கிளை கிளையாகப் பிள்ளைகளை இறக்கினாள். கூடத்தைத் திறக்கும்போது ஃபோல்டரைத் திறந்தால் போதும், எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இடையில் குவோதாங் தன் பெருமைக்கு ஒரு படத்தைக் கொண்டுவந்து அதே ஃபோல்டரில் போட்டான். திருவிழாவில் பரிசு வாங்கிய அவனுடைய பன்றி, மயிர் மழித்து, வாயில் அன்னாசி வைத்து, வண்டி நிறையக் கிடந்தது. சியூதாவ் அதை யார் கண்ணிலும் படாமல் திரைக்குக் கீழே வெகுதூரம் இழுத்துத் தள்ளிவிட்டாள்.

இந்த வேலைக்கு அவள் கூலி கேட்கவில்லை. அம்மாவுக்கு ஒரு மூலை கேட்டாள். குலத்துப் பெரியவர்கள் அதைப் பேச அவள் கடைக்கே வந்தார்கள், நானும் கூட இருந்தேன். கூடத்துக் கம்ப்யூட்டர் அப்போது வேலைக்காக அங்கேதான் இருந்தது. அவித்த கோழியும் தொட்டுக்கொள்ளக் குட்டி ஆரஞ்சுச் சாறும் வைத்தாள். எலும்பைக்கூட விடவில்லை. தின்று முடித்த கையோடு குவோதாங் திரையில் விரலை வைத்தான். கடைசி வரிசை, இடது மூலை, மற்றவர்களுக்குச் சற்றுத் தள்ளி. "இங்க. இதுக்கு மேல ஏறக் கூடாது" என்றான். அவன் விரலின் கொழுப்பு கண்ணாடியில் வட்டமாக ஒட்டியிருந்தது. எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. எழுதினால் குலப் புத்தகத்தில் ஏறிவிடும் என்று அவர்களுக்குப் பயம். சியூதாவ் அந்த வட்டத்துக்கு நேராக மான்மோயைக் கொண்டுபோய் வைத்தாள்.

அவள் எனக்கு விளக்கியது இதுதான். எந்தப் படம் எங்கே, எவ்வளவு பெரிது, பின்னால் என்ன நிறம் என்பதெல்லாம் படங்களுக்குத் தெரியாது. அதற்கென்று அந்த ஃபோல்டருக்குள் ஒரு சின்ன ஃபைல் ஒளிந்திருக்கும். அதன் பெயர் ஒரு புள்ளியில் ஆரம்பிக்கும். யாரும் அதைத் திறப்பதில்லை, கண்ணுக்கும் தெரியாது. மான்மோய் எங்கள் குலத்தில் ஒருத்தி என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தப் புள்ளி ஃபைல்தான். நாங்கள் எல்லோரும் இருந்தோமே என்பீர்கள். கேளுங்கள்.

கல்லறை சுத்தம் செய்யும் நாளுக்கு முன்பு குவோதாங்கின் மகன் ஹோங்யுவான் வந்தான். பெரிய படிப்பு, கம்ப்யூட்டர் சில்லு செய்யும் தொழிற்சாலையில் வேலை. கூடத்துக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தவன், ஒளிந்திருப்பதையெல்லாம் காட்டு என்று அதற்குக் கட்டளை கொடுத்திருக்கிறான். ஃபோல்டருக்கு ஒன்றாகச் சாம்பல் நிறத்தில் புள்ளி ஃபைல்கள் தெரிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் தள்ளிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

மூதாதையரைக் கும்பிடும் அந்த நாளில் கூடம் நிறைந்திருந்தது. கனடாவிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஹோங்யுவானும் திரும்பி வந்திருந்தான். பூசாரி அங்கி போட்டு நின்றார். குவோதாங் டிவியைப் போட்டு ஃபோல்டரைத் திறந்தான்.

சிவப்பு இல்லை, வெள்ளை. எல்லோரும் சின்னச் சின்னதாக, கடைத்தட்டுப் பொட்டலம் மாதிரி வரிசையில் நின்றார்கள். வைப்பாட்டி மேலே, முப்பாட்டனார் அவளுக்குக் கீழே. முப்பாட்டனாருக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் பன்றி.

கனடாக்காரி ஒருத்தி கைபேசியில் படமெடுத்தாள். குவோதாங் சியூதாவைப் பார்த்து, வேண்டுமென்றே குலத்தை அசிங்கப்படுத்திவிட்டாள் என்று கத்தினான். அவள் கிட்டப்போய்ப் பார்த்தாள்.

"படம் எதுவும் போகல அண்ணே. இடம்தான் போயிருக்கு. ஹோங்யுவான், புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைல் ஒண்ணு இருந்துச்சே, அத என்ன பண்ணினே?"

"அதா? வெறும் அழுக்கு அத்தை. எல்லா ஃபோல்டர்லயும் ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. குப்பையில போட்டேன்."

"தொட்டியக் காலி பண்ணிட்டியா?"

"இன்னும் இல்ல."

அவள் மூச்சு விட்டாள். எது எங்கிருந்து வந்தது என்று குப்பைத்தொட்டிக்கும் நினைவிருக்கும், இருந்த இடத்திலேயே திரும்ப வை என்று ஒரு தட்டு தட்டினால் போதும் என்றாள். ஹோங்யுவான் தொட்டியைத் திறந்தான். அந்தச் சாம்பல் நிற ஃபைல் கிடந்தது. கூட்டத்தில் சிரிப்பு வந்தது, பாதிப் பேர் ஊதுபத்தியைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

குவோதாங் வாயிலிருந்த பாக்கை ஒதுக்கி, காகிதக் கிண்ணத்தில் சிவப்பாகத் துப்பினான். அந்தக் கிண்ணத்தைக் கம்ப்யூட்டர் மேசையிலேயே, ஊதுபத்திக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். மகனிடம் பொறு என்றான். பழையபடி எல்லாம் வந்தால் அந்த மூலையும் வருமா என்று கேட்டான். வரும் என்றாள் சியூதாவ்.

"எந்த மூலை? நான் யாருக்கும் மூலை எதுவும் கொடுக்கலியே. வெளியூர்லேருந்து சொந்தம் வந்திருக்கிற நாள்ல, வேலைக்காரி படத்த நடுக்கூடத்துல மாட்டறதா?"

வேலைக்காரியாம். அவள் முதுகில் மூத்திரம் பெய்து வளர்ந்தவன் சொல்கிறான். கோழி தின்ற பெரியவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். யாருக்கும் நினைவில்லை. நீதானே கொழுப்பு விரலை வைத்துக் காட்டினாய் என்று நான் சொன்னேன். அவன் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"உங்களுக்கு வயசாயிடுச்சு அண்ணே. ஹோங்யுவான், குப்பையில கெடக்கிறது குப்பைதான். காலி பண்ணு."

ஹோங்யுவான் அத்தையைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். படித்த பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தட்டினான். தொட்டி காலியாகும்போது வருகிற, காகிதம் கசங்குவது போன்ற சத்தம் டிவியின் ஒலிபெருக்கி வழியாகக் கூடம் முழுக்கக் கேட்டது.

அதன் பிறகு குவோதாங்கின் குரல் தேனாகிவிட்டது. "தாவ், நீயே எல்லாரையும் மறுபடி அடுக்கிடும்மா. யாரு எங்கேன்னு உனக்குத்தான் தெரியும். நேரமாவுது பாரு."

அவள் உட்கார்ந்தாள். அழுதுகொண்டாவது செய்துவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை. வரிசை வரிசையாகத் தேடி மான்மோயின் படத்தைக் கண்டுபிடித்தாள். பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகி, அந்தப் படத்தை அதில் மாற்றிக்கொண்டு, ஃபோல்டரில் இருந்ததை அழித்தாள்.

"எங்கம்மாவக் கூட்டிக்கிட்டுப் போறேன். மத்தவங்க உங்க ஆளுங்க அண்ணே. நீங்களே உட்கார வையுங்க."

போய்விட்டாள்.

ஹோங்யுவான் படங்களை இழுத்தான். இழுத்த இடத்தில் நிற்காமல் அவை திரும்பவும் வரிசைக்கே ஓடின. யார் எந்தக் கிழவி என்று ஒருவனுக்கும் தெரியவில்லை. மூத்த கிளைக்காரனும் மூன்றாம் கிளைக்காரனும் ஒரே படத்தைக் காட்டி என் பாட்டி என்று சண்டை போட்டார்கள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை. பன்றியையாவது எடுத்துத் தொலை என்றார் பூசாரி. குவோதாங் பதறிவிட்டான். சாமிக்குப் படைத்த பன்றியாம், விழா நாளில் அதைக் குப்பையில் போட்டால் குடும்பத்துக்கு ஆகாதாம். மான்மோயைக் குப்பையில் கொட்டினால் மட்டும் குடும்பத்துக்கு ஆகும் போல.

நல்ல நேரம் கழிந்துகொண்டிருந்தது. பூசாரி மணி அடித்தார். தெங் குலத்தார் எல்லோரும், வைப்பாட்டி உச்சியிலும் பன்றி நடுவிலும் இருந்த அந்த வெள்ளைத் திரையைக் குனிந்து குனிந்து கும்பிட்டார்கள். பிறகு கிளைக்கு இவ்வளவு என்று வெட்டிக் கொடுத்த பன்றிக்கறிக்கு வரிசையில் நின்றார்கள். என் பங்கை நான் வாங்கவில்லை. அதைக் குவோதாங்கே தன் பையில் போட்டுக்கொண்டான்.

மான்மோய் இப்போது சியூதாவின் கடையில், அவள் கம்ப்யூட்டர் திரையின் நட்டநடுவில் இருக்கிறாள். எதிரே எப்போதும் ஒரு ஆரஞ்சு. அன்றிலிருந்து தெங் குலத்தார் செத்தால் சியூதாவ் படம் செய்து கொடுப்பதில்லை. அடுத்த ஊருக்குப் போகச் சொல்கிறாள். அங்கே செய்கிறவன் எல்லோருக்கும் ஒரே கழுத்தைத்தான் ஒட்டுகிறான்.

சென்ற மாதம் முதல் குவோதாங் படுத்த படுக்கை. தாடையில் புண், பாக்கு போட்ட வினை. அப்பாவின் படத்தை அத்தைதான் நன்றாகச் செய்வாள், அவளிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள் பெரியப்பா என்று ஹோங்யுவான் என்னிடம் வந்து நின்றான். வந்ததற்காகப் போய்க் கேட்டேன். கையிலிருந்த வேலையை நிறுத்தாமல் அவள் சொன்னாள்.

"பல்லுல இருக்கிற செவப்போட அப்படியே மாட்டச் சொல்லுங்க பெரியண்ணே. அதுதான் அவரு மொகம்."

அதையே அவனிடம் சொல்லி அனுப்பினேன்.