விலாசத்தைக் களவு கொடுத்தவர்

கிள்ளான் முத்துக்கருப்பன் செட்டியாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது, பரிதாபம் பிறகுதான். மூன்று தலைமுறையாக வீடு, நிலம் வாங்கித் தரும் தரகர் குடும்பம். கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை கிடையாது. முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளோடு தம் எழுத்தையும் சேர்த்து 'மு.ராம.மு.' என்று வைத்த விலாசம் ஒன்றே போதும். அது அச்சிட்ட காகிதத்தைக் கண்டால் எஸ்டேட் ஆட்கள் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

தொண்ணூற்றெட்டில், பிரிக்பீல்ட்ஸில் இருந்த என் கம்ப்யூட்டர் கடையில் அவரை உட்காரவைத்து, அந்த விலாசத்தை இணையதளப் பெயராகப் பதிந்துகொள்ளச் சொல்லி மன்றாடினேன். நம் நாட்டுப் பதிவென்றால் கம்பெனிப் பத்திரம் கேட்பார்கள். வெறும் டாட் காமுக்கு அடையாள அட்டைகூடக் கேட்பதில்லை, எவன் பெயரையும் எவனும் எடுக்கலாம் என்றேன். அவர் சிரித்தார்.

"அடுத்தவன் விலாசத்த யாரும் தொடமாட்டாங்க தம்பி. தொட்டா அப்புறம் அவன் வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

உலகம் முழுக்கச் செட்டியார்கள்தான் இருக்கிறார்கள் என்று அந்த மனுஷனுக்கு நினைப்பு.

மறு வருஷம் கேரி தீவிலிருந்து சின்னையா அவர் கடைக்கு வந்தார். முப்பது வருஷம் எண்ணெய்த் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவர். சுங்கை பூலோவில் வீடு என்று இணையத்தில் அந்த விலாசத்தோடு வந்த விளம்பரத்தை மகன் காட்ட, ஈ.பி.எஃப். சேமநிதிப் பணம் முழுவதையும் கட்டியிருந்தார். சாவி வாங்க வந்திருக்கிறார். அப்படி ஒரு வீட்டைத் தாம் விற்கவே இல்லை என்றார் செட்டியார். அந்த வாரமே இதேபோல் பணம் கட்டிய இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

செட்டியார் சின்னையாவை இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். எவன் பதிந்தான் என்று பார்த்துச் சொன்னால் இன்றைக்கே போலீஸில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

இணையதளப் பெயர்களின் சொந்தக்காரர்களை யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேடுதான். திறந்தேன். உரிமையாளர், முத்துக்கருப்பன். முகவரி, அவருடைய கிள்ளான் கடை. திருடன் என்ன எழுதிக் கொடுத்தானோ அதை அப்படியே ஏற்றிவிட்டார்கள், சரிபார்க்க ஒரு நாதியில்லை. இதுவா சட்டம்? அமெரிக்காவிலிருந்த பதிவுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். பதிவில் உள்ளவர்தான் சொந்தக்காரர், அது அவர் இல்லையென்றால் வழக்குப் போட்டு நிரூபியுங்கள் என்றார்கள்.

"இது நான் இல்ல, சின்னையா," என்றார் செட்டியார்.

சின்னையா அதுவரை ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. திரையில் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"பேரு உங்க பேருதானே, செட்டியாரே."

பிறகு அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார். போலீஸில் கொடுப்பதற்காம்.