கொப்பு கட்டின புளியமரமும் என் நீர்க்கடுப்பும்

பல்வலின்னா எங்க ஆளுங்க பஸ் ஸ்டாண்டே கேக்கிற மாதிரி கத்துவாங்க. முதுகுவலின்னா சட்டையைத் தூக்கிக் காட்டுவாங்க. இடுப்புக்குக் கீழே ஏதாச்சும்னா மட்டும் வாயில பூட்டு. நானும் அப்படித்தான் இருந்தேன், மத்தவனைச் சொல்லி என்ன ஆகப்போகுது? நான் வாயைத் திறக்காததால தம்புள்ளை ரோட்டுல நாவுலைக்கு இந்தப் பக்கம் நின்ன ஒரு அப்பாவிப் புளியமரம் சாமியாகிப் போச்சு.

பஸ்ஸெல்லாம் அரசாங்கம் எடுக்கிறதுக்கு முந்தின காலம். மாத்தளையில ஒரு முதலாளியோட பஸ்ஸை நான் தம்புள்ளைக்கு ஓட்டிக்கிட்டிருந்தேன். எங்க தோட்டத்து லயத்துல இருந்து வெளிய வந்து ஸ்டியரிங் பிடிச்ச மொத ஆள் நான்தான். கல்யாணமாகி ரெண்டு வருஷம் இருக்கும். பொண்ணு குடுக்கும்போதே மாமியா வீட்டுல ஒரே முணுமுணுப்பு. "டிரைவருக்கா குடுக்கிறீங்க? பஸ்ஸு நிக்கிற எடமெல்லாம் ஒரு குடும்பம் வச்சிருப்பான்"னு யாரோ சொன்னது என் காதுலயே விழுந்துச்சு. அன்னையில இருந்து, டீ ஊத்துறது பொம்பளையா இருந்தா அந்தக் கடைப்பக்கமே நான் போறதில்ல. அம்புட்டு ஒழுங்கா இருந்த எனக்குத்தான் அந்தக் கடுப்பு வந்துச்சு.

ஸ்டாண்டுல ஒரு தடவை போயிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். பக்கத்துல இருக்கிற அலுவிகாரைகூடத் தாண்டியிருக்காது, மறுபடி முட்டும். அவசரமா எறங்கிப் போனா வர்றது நாலு சொட்டு. அந்த நாலு சொட்டும் மொளகாத்தண்ணி மாதிரி எரியும். திரும்பி வந்து உக்காந்தா, இன்னும் பாக்கி உள்ளயே நிக்கிற மாதிரி இருக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல, சரியா சீட்டுல படுற எடத்துல, யாரோ கட்டைவிரலை வச்சு அமுக்குறாப்புல ஒரு வலி. ரோட்டுல இருந்த பள்ளம் ஒவ்வொண்ணும் என்னைத் தனியா விசாரிச்சிட்டுத்தான் விட்டுச்சு. அடிவயிறு கனக்கும், இடுப்பு கடுக்கும், பொழுது சாஞ்சா லேசா குளிரும்.

உடம்புச் சூடுன்னு நானே தீர்மானம் பண்ணிட்டேன். எஞ்சின் சூடு காலுக்குக் கீழயே இருக்கு, வேற என்னவா இருக்கும்? வெந்தயம் ஊறப்போட்ட தண்ணி, நன்னாரி, பார்லிக் கஞ்சி, வழி நெடுக இளநீ. அட மடையா, குடிச்சதெல்லாம் அந்த வழியாத்தானே வெளிய வரணும்! வாசல் பாதி அடைச்சுக் கெடக்கு, நான் தொட்டியை ரொப்பிக்கிட்டே இருந்திருக்கேன்.

டாக்டர்கிட்ட போயிருக்கலாமேன்னு கேப்பீங்க. ஒரு டிரைவர் போய் "எரியுது"ன்னு சொன்னா, கேக்கிறவன் உதட்டோரத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். பொம்பளை வியாதின்னு அந்த எடத்துலயே முடிவு கட்டிருவாங்க. ஸ்டாண்டுக்குத் தெரிஞ்சா மாமியா வீட்டுக்குத் தெரியும். அப்புறம் என் சம்சாரம் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிருவா. அவ இல்லாத வீட்டுக்கு நான் எப்படித் திரும்பிப் போவேன்? எரிச்சலைவிட அந்தப் பயம்தான் என்னைத் தின்னுச்சு.

ஒரு நாள் நாலந்தா தாண்டி, அடக்க முடியாம பஸ்ஸை நிறுத்திட்டேன். ரோட்டோரத்துல அடி பெருத்த புளியமரம். கண்டக்டர் நானா, என்னைவிட வயசுல மூத்த முஸ்லிம் மனுசன், மிதிபலகையில இருந்து எட்டிப் பாத்து, "என்ன தம்பி, டயரா?"ன்னாரு. பஸ் நெறைய சனம் என் மூஞ்சியையே பாக்குது. என் வாயில வந்ததைச் சொன்னேன்: "இல்ல நானா, ஒரு வேண்டுதல்."

அந்தப் பக்கம் காட்டு ரோட்டுல போறவங்க ஒரு கொப்பை ஒடிச்சு மரத்துல தொங்கவிட்டுக் கும்பிட்டுத்தான் போவாங்க. யானை கீனை குறுக்க வராம சாமி பாத்துக்கிடும்னு நம்பிக்கை. சிங்களவங்க, நம்மாளுங்க எல்லாருக்கும் பழகின வழக்கம். சொன்ன பொய்க்குச் சாட்சி வேணுமில்ல? நானும் ஒரு கொப்பை ஒடிச்சு, கிளையில தொங்கவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, சுத்தி வர்ற மாதிரி மரத்துக்குப் பின்னால போயிட்டேன். நிம்மதியா நாலு சொட்டு.

மறுநாளும் அதே மரம். அதுக்கு மறுநாள் நான் எறங்க முன்னாடியே, மரக்கறிக் கூடையோட வர்ற சிங்களப் பொம்பளை ஒருத்தி கையில கொப்போட எறங்கிட்டா. நாம "சாமியே"ங்கிற மாதிரி "தெய்யனே"ன்னு உருகிக் கும்பிட்டா. டிரைவரே தெனம் நிறுத்திக் கும்பிடுற மரம்னா அதுல ஏதோ இருக்குன்னு அவ கணக்கு. ஒரு வாரத்துல பஸ்ஸே எறங்க ஆரம்பிச்சிருச்சு. யாரோ ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசினாங்க. யாரோ வெளக்கு வச்சாங்க. வஹகோட்டை சர்ச்சுக்குப் போற ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கிட்டு மெழுகுதிரி ஏத்தினாரு. கண்டக்டர் நானா மட்டும் எறங்கமாட்டாரு. மிதிபலகையிலயே நின்னு அவர் பாட்டுக்கு துஆ ஓதிக்கிட்டு, நேரமாகுது நேரமாகுதுன்னு தகரத்துல தட்டுவாரு.

இப்ப நான் எங்க போறது? மரத்துக்குப் பின்னால போனா அங்க நாலு பேரு சுத்தி வர்றாங்க. அதுவுமில்லாம வெளக்கு வச்ச எடத்துல எப்படிப் போறது, நானும் சாமிக்குப் பயந்தவன்தானே? ஒரு போத்தல் தண்ணி கொண்டுபோய் அந்த எடத்தை நல்லாக் கழுவிவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கிட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு மாமரத்தைப் பாத்து வச்சேன். மாமரத்துல நான் நிறுத்தின மறுநாளே அதுலயும் கொப்பு தொங்குது! ஐயோன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். நான் போற எடமெல்லாம் கோயில் மொளைச்சா நான் எங்கதான் போறது?

மத்த பஸ்காரனுங்க என்மேல கொலைவெறியில இருந்தாங்க. "அந்த டிரைவர் நிறுத்திக் கும்பிடுறாரு, உனக்கென்ன கேடு?"ன்னு அவங்க சனம் அவங்களைத் திட்டுதாம். பஸ் பிந்துதுன்னு கூப்பிட்டு ஏச வந்த முதலாளி, என்னைப் பாத்ததும் கை கூப்பினாரு.

பேரு வீடுவரைக்கும் போயிருச்சு. புருசன் இம்புட்டு பக்திமானான்னு சம்சாரத்துக்கு ஆச்சரியம். எங்களுக்கு அதுவரைக்கும் குழந்தை இல்ல. ஒரு நாள் காலையில சூடம், மாலை, தேங்காயோட வந்து என் சீட்டுக்குப் பின்னால உக்காந்துட்டா. "நானும் வர்றேங்க. ரெண்டு பேருமாக் கும்பிடுவோம்"னா. அன்னைக்குன்னு பாத்து எனக்கு விடிஞ்சதுல இருந்து சொட்டுக்கூடப் போகல. அடிவயிறு கல்லு. பல்லு கிடுகிடுன்னு ஆடுது. கியரை மாத்தும்போதெல்லாம் உசுரு போயிட்டு வருது.

புளியமரத்துகிட்ட எறங்கினேன். மேல அடி வைக்க முடியல. மரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டேன். ஒடம்பு நடுங்குது, வேர்வை கொட்டுது, வாயில இருந்து "ஆ... ஆ..."ன்னு சத்தம் வருது. மரக்கறிக்காரம்மா கூடையைப் போட்டுட்டுத் தரையில விழுந்தா. "டிரைவருக்குச் சாமி வந்துருச்சு!"ன்னு ஒரு குரல். அவ்வளவுதான், சனம் மொத்தமும் என்னைச் சுத்திக்கிச்சு. ஒருத்தர் தலையில மஞ்சத்தண்ணியைக் கொட்டுறாரு. ஒருத்தி காணாமப் போன மாடு எந்தத் திக்குல நிக்குதுன்னு கேக்குறா. மகனுக்கு வேலை கெடைக்குமான்னு ஒருத்தர் காலைப் பிடிச்சு ஆட்டுறாரு. அந்த ஆட்டுல எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. "விட்டுத் தொலைங்கடா!"ன்னு கத்தினேன். "சாமி உக்கிரமா இருக்கு, சூடத்தைக் காட்டுங்க"ன்னாங்க.

சூடம் என் சம்சாரம் கையில இருந்துச்சு. அவ கொளுத்தல. கூட்டத்தை விலக்கிக்கிட்டு வந்து என் கழுத்துல கைய வச்சா.

"இது சாமியில்ல. காச்சல்"னா. அடுத்து என் காதுகிட்ட குனிஞ்சு, "ஒண்ணுக்குப் போகுதாங்க?"ன்னு கேட்டா.

நான் தலையை ஆட்டினேன். இல்லைன்னு.

அவ திரும்பி, "நானா, வண்டியத் திருப்பச் சொல்லுங்க!"ன்னு போட்ட சத்தத்துல சனம் தானா விலகிருச்சு. பயணிகள்ல ஒரு லொறி டிரைவர் இருந்தாரு. அவர் ஓட்ட, நான் பின்சீட்டுல மல்லாந்து கெடக்க, பஸ் மாத்தளையைப் பாத்துத் திரும்பிச்சு. தம்புள்ளைக்குப் போக வேண்டிய சனம் ஒருத்தர்கூட எறங்கல. சாமி ஆஸ்பத்திரிக்குப் போகுதுன்னா கூடப் போகணுமில்ல?

ஆஸ்பத்திரியில ரப்பர் குழாய் போட்டாங்க. அந்த வலியைச் சொல்லமாட்டேன். அதுக்கப்புறம் வந்த சொகம் இருக்கே, அதைச் சொல்லவும் முடியாது. டாக்டர் ஐயா சிரிக்கல. எப்ப இருந்து அடிக்கடி முட்டுது, எரியுது, உக்கார்ற எடத்துல வலி இருக்கா, குளிர்காச்சல் எப்பன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாரு. ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்காம், அதுல கிருமி போய் வீங்கியிருக்காம். "மொத எரிச்சலுக்கே வந்திருந்தா மருந்தோட போயிருக்கும். ஏன் இவ்வளவு நாள் வச்சிருந்தீங்க?"ன்னாரு.

"ஐயா, இது... பொம்பளை வியாதியா?"

"பரிசோதனை பண்ணிட்டோம், அது இல்ல. எந்த ஆம்பளைக்கும் வரலாம்."

"ஐயா, அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. என் சம்சாரம் வெளிய நிக்கிறா."

அந்த மனுசன் நெசமாவே வராந்தாவுக்குக் கேக்கிற மாதிரி சொன்னாரு. பக்கத்துக் கட்டில்காரங்க எழும்பிப் பாத்தாங்க. வெளிய நின்ன பஸ் சனம் ஒருத்தருக்கொருத்தர் சிங்களத்துலயும் தமிழ்லயும் சொல்லிக்கிட்டது உள்ள வரைக்கும் கேட்டுச்சு.

சம்சாரம் உள்ள வந்தா. அவ உக்கார முன்னாடியே நான் ஆரம்பிச்சிட்டேன். "கேட்டியா? டாக்டரே சொல்லிட்டாரு. நான் எவகிட்டயும் போகல. உங்க அம்மா வீட்டுலயும் சொல்லிரு."

"அதை யாரு கேட்டா?"ன்னா.

நான் தலையணையில இருந்து தலையைத் தூக்கினேன்.

"ராத்திரி எத்தனை வாட்டி எழும்பிப் போறீங்கன்னு எனக்குத் தெரியாதா? பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்து படுக்கிறது தெரியாதா? சொல்லுவீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். வழியில நிக்கிற மரத்துக்கெல்லாம் தெரியும், எனக்கு மட்டும் சொல்லக்கூடாது. சொன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிருவேன்னுதானே? ரெண்டு வருஷம் சேர்ந்து இருந்தும் என்னைப் பத்தி அம்புட்டுதான் நெனைச்சீங்களா?"

சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவ சத்தம் போடல. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, கட்டில் ஓரத்துல உக்காந்தா. சந்தேகப்படுவா, சந்தேகப்படுவான்னு நான்தான் அவளை அத்தனை நாளும் சந்தேகப்பட்டிருக்கேன்.

"இப்பவும் எரியுதா?"ன்னு கேட்டா.

"எரியுது"ன்னேன்.

அவ எழும்பி நர்ஸைக் கூப்பிடப் போனா.