மாறாத தொண்ணூற்று நான்கு

என்னோடு வேலை செய்த, நான் அண்ணை என்று கூப்பிடும் மூத்தவரின் மேசையில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்றில் அவர் எழுதும் நிரல். மற்றதில் நோயாளிகளின் பட்டியல்; அதன் மேலே அவருடைய அம்மாவின் பெயரும், பக்கத்தில் பச்சை நிறத்தில் 94 என்ற எண்ணும். ஜெர்மனியின் ஹனோவரில் நாங்கள் சேர்ந்து வேலை செய்த சிறிய நிறுவனம், வீட்டில் இருக்கும் நோயாளிகளின் இரத்த ஒட்சிசன் அளவை இணையத்தில் காட்டும் செயலியை உருவாக்கிக்கொண்டிருந்தது. நுரையீரல் பலவீனமான தன் தாயையும் அண்ணை சோதனைக்காகச் சேர்த்திருந்தார். புதிதாக ஏதும் உண்டா என்று திரை சில விநாடிக்கொருமுறை சேவையகத்தைக் கேட்கும். எண் மாறியிருந்தால் தானாகவே புதியதைக் காட்டும். இல்லாவிட்டால் பழையது அப்படியே நிற்கும்.

“அம்மா இண்டைக்கு நல்லா இருக்கிறா. அசையாமல் நிக்குது பாருங்கோ,” என்றார் ஒரு மத்தியானம். எட்டிப் பார்த்தேன். மற்ற நோயாளிகளின் எண்களில் ஒன்றுகூட அசையவில்லை. மூச்சு விடுகிறவர்களின் எண்கள் அப்படி நிற்காது.

“அண்ணை, இது இப்பத்தைய எண் இல்லை. அம்மாவுக்குப் போன் எடுங்கோ.”

பதிவைத் திறந்து பார்த்தேன்; திரை சேவையகத்திடம் கேட்டவை எல்லாம் காலையிலிருந்து பதிலின்றித் திரும்பியிருந்தன. பதில் வராததை, மாற்றம் இல்லை என்று திரை எடுத்துக்கொண்டிருந்தது. மற்ற வீடுகளுக்கும் அழைக்கச் சொல்லி மேலாளரிடம் ஓடிவிட்டு வந்தேன். “எடுக்கிறா இல்லை,” என்றார் அண்ணை.

அம்மாவின் எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி இருந்தது; அண்ணை அவரை அழைத்தார். அவர் கதவைத் திறப்பதும் “மாமி, மாமி” என்று கூப்பிடுவதும் போனில் கேட்டன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அப்போதும் திரையில் பச்சையாக 94. அதைப்போல என்னைப் பயமுறுத்திய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

“மூச்சு இருக்கு தம்பி. உதடு நீலமாக் கிடக்கு. ஒட்சிசன் குழாய் கழண்டுபோய்க் கிடக்கு, மாட்டிறன். அம்புலன்சுக்கு எடுங்கோ.”

நான்தான் எடுத்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்று ஜெர்மன் வாயில் வரவில்லை.

அம்மா பிழைத்தார். மற்ற வீடுகளில் எல்லோரும் நலம். பதில் வராவிட்டால் எண்ணே மறைந்துபோகும்படி அண்ணை நிரலை மாற்றினார். வெறும் இடத்தைப் பார்த்தால் ஆட்கள் பயப்படுவார்கள் என்றார் மேலாளர். “பயப்படட்டும்,” என்றார் அண்ணை.

இப்போது நான் வேறு இடத்தில் வேலை செய்கிறேன். போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். திரையில் அம்மாவின் எண் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. அப்படியிருந்தும் போனை எடுத்தார்.

“அம்மா, கதையுங்கோ.”

“என்னத்தைக் கதைக்கிறது? காலமைதானே கதைச்சனான்.”

“என்னத்தையெண்டாலும் கதையுங்கோ.”

அம்மா ஏதோ சொல்லத் தொடங்கினார். அண்ணை கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.