சம்பந்தியம்மாவின் சுருதி

என் கன்சர்ட்டினா என்கிற துருத்திப் பெட்டியைச் சம்பந்தியம்மா முதன்முதலில் கையில் வாங்கியபோது அதை வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. மடியில் வைத்து, பச்சைப்பிள்ளைக்கு நெஞ்சு கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுபோலக் காதை ஒட்டிவைத்துக் கேட்டார். பிறகு பையப் பைய ஓர் இழுப்பு இழுத்தார். பெட்டி முனகியது. "சம்பந்தி, இதுக்கு எளைப்பு இருக்கும்போலயே. மொளகுக் கசாயம் வச்சுக் குடுத்தீயளா?" என்றார். என் மகன் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்த நேரம் அது. சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டிய புதுச் சம்பந்தி, பெட்டியும் கையுமாகப் போய் இறங்கியது என் தவறுதான். ஆனால் அந்தக் கேள்விக்கு இரண்டு வீட்டாரும் சேர்ந்து சிரித்ததில், அதுவரை வாழைக்காய்க் கூட்டில் உப்புக் குறைந்ததற்காக முகத்தைத் தூக்கிவைத்திருந்த என் தங்கச்சிகூட இன்னொரு கரண்டி கூட்டு கேட்டு வாங்கினாள்.

நான் பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டியவன். சங்கீதம் யாரிடமும் கற்றதில்லை. சவூதியிலிருந்து திரும்பிய மேலப்பாளையத்துச் சேக்காளி ஒருவர், அங்கே தன் அறையில் கூட இருந்த வெளிநாட்டுக்காரர் விட்டுப்போனது என்று இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். "எதைக் குடுத்தாலும் கழத்திப் பாக்குத ஆளு நீருதான். வச்சுக்கிடும் வே." ஆறு பட்டையாக, அரிக்கேன் விளக்கைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பொத்தான்கள், நடுவில் மடிப்பு மடிப்பாகத் துருத்தி. ஒரே பொத்தான், துருத்தியை அமுக்கும்போது ஒரு சுரம் தரும், இழுக்கும்போது வேறொரு சுரம் தரும். இது பிடிபடவே எனக்கு ஆறு மாதம் ஆனது. "நீங்க வாசிக்கீயளா, அதுகூட மல்லுக்கட்டுதீயளா?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். பிறகு கை படிந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் வயல்காட்டுப் பாட்டும் கும்மிப் பாட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் யார் வீட்டு விசேஷமோ அங்கே போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். ஒரு காப்பி கொடுத்தால் போதும், கொடுக்காவிட்டாலும் வாசிப்பேன்.

சம்பந்தியம்மா ஊர் பத்தமடையைத் தாண்டிக் கால்வாய்க் கரையில் இருக்கிறது. நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவர்தான் தலைமை. அவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பதற்கென்றே நான் பேருந்து ஏறிப் போவதுண்டு. நாற்றுக் கட்டைப் போட்டுவிட்டு மழை வருமா என்று வேடிக்கை பார்க்கிற பெண்களை, "நாத்து உங்களப் பாத்துக்கிட்டு நிக்கு, நீங்க மானத்தப் பாத்துக்கிட்டு நிக்கீய" என்பார். கை காட்டியும் நிற்காமல் போகிற பேருந்தைப் பார்த்து, "அவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்னு நாம எப்ப சொன்னோம்?" என்பார். இதையெல்லாம் பட்டறைத் துண்டுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். ஒருநாள் அந்தச் சீட்டு தவறி முதலாளி கைக்குப் போக, அவர் 'அரை அங்குல புஷ் ஆறு' என்பதற்குப் பின்னால் இருந்ததைப் படித்துவிட்டு, "இந்தம்மாவைப் பட்டறைக்கு ஒருநாள் கூட்டிட்டு வாரும், நம்ம ஆளுவளுக்கு நாலு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

அந்த ஊரில் சித்திரையில் அம்மன் கொடை. முளைப்பாரியை நடுவில் இறக்கி வைத்து, பெண்கள் வட்டம் கட்டிக் கும்மி அடிப்பார்கள். முதல் அடியைச் சம்பந்தியம்மா பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த முதல் அடி அவருடையது. கல்யாணம் முடிந்த மூன்றாவது வருஷக் கொடையில் அது தடுமாறியது. எதிர்ப்பக்கம் நின்றவர்களிடமிருந்து பாட்டு சரியாகத் திரும்பி வரவில்லை. கைத்தட்டு முன்னும் பின்னுமாக விழுந்து, இரண்டாம் பாட்டிலேயே வட்டம் பிய்ந்துவிட்டது. அவருக்குக் குரல் போய்விட்டது என்று ஊரில் பேச்சானது. அடுத்த கொடைக்கு ஒலிபெருக்கிக்காரரிடமே கும்மிப் பாட்டு போடச் சொல்லிவிடலாம் என்றும் பேசிக்கொண்டார்கள். "மைக்க நீட்டுதாவ. மைக்கப் பிடிச்சா கையை எப்படித் தட்ட? மைக்செட்டுக்காரன் பாட்டுக்கு நான் கை தட்டணுமாம்" என்று என்னிடம் சொன்னபோது, எப்போதும் கூடவே வருகிற சிரிப்பு வரவில்லை.

பெட்டியை நான் கொண்டுவருகிறேன், வட்டத்துக்கு நடுவில் நின்று உங்கள் அடியை எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்துக் கொடுக்கிறேன் என்றேன். யோசித்துச் சம்மதித்தார். மாசி மாதம் போய், அவரைப் பாடச் சொன்னேன். என் மருமகள் அதைச் செல்போனில் பதிந்தாள். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. ஆர்மோனியம் என்றால் கட்டையை மாற்றி வாசிக்கலாம். இந்தப் பெட்டிக்கு அந்த வசதி கிடையாது. அதன் சுருதி அதன் பிடிவாதம். சம்பந்தியம்மா குரலோ அதற்கு எட்டாத ஆழத்தில் கிடந்தது. வயசு குரலை இறக்கிவிட்டது, பாவம் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். பதிவில் பாட்டுக்கு நடுவே இரண்டு தும்மல் கேட்டது. தும்மலைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் கவனித்தேன். லேத்காரன் புத்தி அப்படித்தான். அளவு கையில் கிடைத்துவிட்டால் வேறெதையும் பார்க்காது.

பெட்டிக்குள்ளே சுரத்துக்கு ஒன்றாக நாற்பது உலோக நாக்குகள் இருக்கின்றன. நாக்கின் நுனியில் கனம் ஏற்றினால் சுரம் இறங்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறையைத் திறக்கச் சொல்லி, குண்டூசித் தலை அளவு ஈயத்தை ஒவ்வொரு நுனியிலும் பற்றவைத்தேன். கூடிவிட்டால் அரத்தால் தேய்ப்பேன், குறைந்தால் மறுபடி பற்றவைப்பேன். காதில் செல்போனில் சம்பந்தியம்மா பாடிக்கொண்டே இருப்பார். நாற்பதும் முடியப் பங்குனி தாண்டிவிட்டது. துருத்தியை விரித்தால் பெட்டி அப்படியே அவர் குரலில் பேசியது. நான் கடைந்ததிலேயே நல்ல வேலை இதுதான் என்று வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன்.

கொடையன்று, வெயில் தாழ்ந்ததும் முளைப்பாரி இறங்கியது. வட்டம் கூடியது. ஒலிபெருக்கிக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றார். சம்பந்தியம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்து முதல் அடியை எடுத்தார். கணீரென்று மேலே போனது. அதே நொடியில் பெட்டி கீழே உறுமியது. ஒரு வண்டியில் காளை ஒருபக்கம், எருமை ஒருபக்கம் பூட்டியதுபோல இருந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என்ன சம்பந்தி, பெட்டி கெணத்துக்குள்ள விழுந்துட்டா?"

"இது உங்க குரல்தான் சம்பந்தியம்மா. மாசியில நீங்க பாடினதுக்கு வச்சது."

ஒரு கணம் யோசித்தார். "அது சளில்லா?"

"சளி போயிட்டுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

"சளி போனதுக்கெல்லாம் ஆள் விட்டுச் சொல்லவா செய்வாவ?"

இப்போது வாயைப் பொத்தாமலே சிரித்தார்கள். எனக்கோ, முப்பது வருஷத்துத் தலைமையை இரண்டு கட்டைச் சளியில் கொண்டுபோய்ச் செருகிவிட்டேனே என்றிருந்தது. பெட்டியை மூடிவிடுகிறேன், நீங்கள் உங்கள் குரலிலேயே பாடுங்கள் என்றேன். பாடினால் போன வருஷம்போலத்தான் ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். அவர் வட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், ஒலிபெருக்கிக்காரரையும் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "உங்களால ஏற முடியாதுன்னா நான் எறங்கி வாரேன். இழுங்க" என்றார்.

இழுத்தேன். அடித்தொண்டையிலிருந்து, தாழ்வாக, அதே அடியை எடுத்தார். அது திரும்பி வந்த விதத்தை என் காது இன்னும் மறக்கவில்லை. அதுவரை உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பெண்கள் முழு வாயையும் திறந்தார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்களின் பாட்டு இந்தப் பக்கம் வந்து மோதியது. வேப்பமரத்தடியில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களை உள்ளே விட இடம் போதாமல் வட்டம் பின்னால் நகர்ந்து, ஒலிபெருக்கிக்காரர் தன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க வேண்டியதாயிற்று. நான் நடுவில் நின்று இழுத்துக்கொண்டே இருந்தேன். எட்டுப் பாட்டு. தட்டு ஓரிடத்திலும் பிசகவில்லை.

முடிந்ததும் வேர்க்க விறுவிறுக்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன வருஷம் கெட்டது அவர் குரலால் அல்ல என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருந்தது. அவர் குரல் எட்டிய உயரத்துக்கு, வயசாகிவிட்ட மற்றவர்கள் குரல் எட்டவில்லை, அவ்வளவுதான். எட்டாததைச் சொல்ல வெட்கப்பட்டு முணுமுணுத்திருக்கிறார்கள். "முப்பது வருசமா இவளுவ கழுத்தப் பிடிச்சு மேல தூக்கிக்கிட்டே இருந்திருக்கேன் போல. ஒருத்தியாவது எறக்கி விடு அக்கான்னு சொன்னாளா பாருங்க" என்றார். பிறகு பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "இதுக்கு இனிமே கசாயம் கிசாயம் குடுத்துராதீய" என்றார்.

ஈயத்தை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு கொடைக்கு அவர்தான் முதல் அடி எடுத்தார், அதே தாழ்ந்த குரலில். கடைசிக் கொடைக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண், எங்கள் ஊரில் கும்மி உச்சத்தில்தான் போகும், இங்கே ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டார். சம்பந்தியம்மா முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "அம்மனுக்கு இங்க அப்படித்தான் பிடிக்கும் தாயி" என்றார்.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தச் சித்திரையில் முதல் அடி எடுத்தவள் என் மருமகள். நான் இப்போது நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் வாசிக்கிறேன். தொடங்கும் முன்னால் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, இந்தச் சுருதி இந்த ஊருக்கு எப்போதிலிருந்து வழக்கம் என்று கேட்டார்கள். மருமகள் என்னைப் பார்க்கவே இல்லை. "எங்க அம்மைக்கும் முந்தி இருந்தே இப்படித்தான்" என்றாள். அந்தப் பிள்ளைகள் பெரியவர் வாயாலும் ஒருதரம் கேட்டுக்கொள்வோம் என்று என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆமா, எழுதிக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துருத்தியை விரித்தேன்.